இரண்டாவது டேங்க்

திருவனந்தபுரம் வந்த இடத்தில் வீடியோ கேம் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பழைய ஆட்டங்களை நாமே ஆடிப் பார்க்கலாம். டேங்க் சண்டையின் தொடக்க இசை கேட்டதும் கால் நின்றுவிட்டது.

சின்ன வயதில் இதே ஊரில், வலியசாலை வீட்டில் என்னோடு அதை ஆடியவள் அத்தை, அப்பாவின் தங்கை. கேம் கேசட் ஓடாவிட்டால் தூசி போக ஊரே வாயால் ஊதும். எங்கள் வீட்டில் அது எச்சில். அத்தை பனையோலை விசிறியால், அடுப்புக்கு விசிறுகிற மாதிரி விசிறுவாள். ஆட்டத்தில் தன் டேங்கை நகர்த்தவே மாட்டாள். திரையின் அடியில் இருக்கும் எங்கள் கோட்டையருகே அது அப்படியே நிற்கும்.

"நகருங்கோ அத்தை!"

"நீ போய்ச் சண்டை போடுடி. ஆத்தை யாராவது பாத்துக்கணுமோல்லியோ?"

நாங்கள் சென்னைக்குக் குடிபோனபோதும், வீட்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று அதையேதான் சொன்னாள். அந்த வீட்டில் தனியாகவே இருந்து, தனியாகவே போய்ச்சேர்ந்தாள்.

"ஒற்றைக்காணோ சேச்சி?" தனியாகவா ஆடப்போகிறேன் என்று மலையாளத்தில் கேட்டாள் அருங்காட்சியகப் பெண்.

"அல்ல, ரெண்டு பேருண்டு" என்றேன்.

என் டேங்க் மேலே ஏறியது. மற்றது யார் கையும் படாமல் கோட்டையருகே நின்றது. குண்டு பட்டு மறைந்தது. மறுகணம் அதே இடத்தில் திரும்ப வந்து நின்றது.

பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமலேயே ஆடிக்கொண்டிருந்தேன்.