ஆகாயத்தாமரையின் தண்டு

வெள்ளவத்தையில் இன்று நான் நடத்திய மூன்றாவது டியூஷன் வகுப்பில், நீர்த்தாவரங்கள் நீரில் வாழப் பெற்றிருக்கும் இசைவாக்கத்தைக் காட்ட ஓர் ஆகாயத்தாமரைத் தண்டைக் குறுக்காக வெட்டியபோது எழுந்த சேற்று மணம், களைத்துப்போயிருந்த என்னைத் தெமட்டகொடைக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே ரயில் பாதைக்குப் பின்னால், இன்று மாடிவீடுகள் நிற்கிற இடத்தில், எங்கள் வாசல்வரை ஆகாயத்தாமரை மூடிய ஒரு சதுப்பு நிலம் இருந்தது. தவளைச் சத்தமும் ஊதாப் பூக்களுமாக அது பச்சைத் தரைபோலவே கிடக்கும். நுளம்புக் கடிக்குப் பயந்து அம்மா தினமும் கொக்கத்தடியால் செடிகளை இழுத்து இழுத்துக் கரையில் போட, அடுத்த வாரமே அது பழையபடி மூடிவிடும்.

ஒருநாள் தங்கச்சி அதைத் தரையென்று நம்பிக் கால்வைத்து உள்ளே போய்விட்டாள். நீந்தத் தெரியாத அம்மா பின்னாலேயே குதித்தா. நிலத்தைப் பிடிக்காத வேர்கள் விலகி வழிவிட்டன. ஆனால் தங்கச்சியோடு சேர்த்து அம்மா கைநிறைய அணைத்துக்கொண்ட செடிகள், தண்டுகளுக்குள் நிறைந்திருந்த காற்றால், இருவரையும் தாழவிடாமல் வைத்திருந்தன. என் அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுச் சுமனா அக்கா கயிறு எறிந்து இழுத்தா.

தங்கச்சி அழுதாள். அம்மா ஏசவில்லை, அடிக்கவில்லை. சேற்றிலேயே இருந்துகொண்டு, "களைச்சுப் போனன் பிள்ளை," என்று என்னிடம் சொன்னா. தண்ணீருக்குள் தத்தளித்த களைப்பென்று நினைத்து, எட்டு வயதான நான் தேத்தண்ணி ஊற்ற ஓடினேன். அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.