மல்லிகா சித்தியின் கிணற்றுப் பாசி

கிணற்றின் அடிச்சேற்றுக்கு ஒரு வாசனை உண்டு. ஈரக் களிமண்ணும் பாசியும் துருவும் கலந்து, மூக்கைவிட்டுப் போகாமல் உட்கார்ந்துகொள்ளும் வாசனை. எனக்குப் பத்து வயதாக இருந்த கோடையில், கம்பைநல்லூரில் எங்கள் வீட்டு ஹால் முழுக்க அந்த வாசனைதான். காரணம், அப்பா சேலத்திலிருந்து வாங்கி வந்து ஜன்னலோரம் வைத்த மூன்றடி மீன்தொட்டி.

பள்ளி ஆசிரியரான அப்பாவுக்கு மீன்களைவிடச் செடிகள்மேல்தான் ஆசை. பிளாஸ்டிக் செடி வைத்த தொட்டியைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். எங்கள் ஊர் போர் தண்ணீரோ பாத்திரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு படியவைக்கும் தண்ணீர். கடையில் வாங்கிய செடிகள் ஒரே வாரத்தில் கூழாகி மிதந்தன. கிணற்றுத் தண்ணீர் ஊற்றுங்கள், கிணற்றுச் சேற்றை அடியில் பரப்புங்கள், அங்கே வளரும் பாசியையே நடுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். நல்ல யோசனைதான். அதற்கு அப்பா பிடித்த கிணறுதான் வம்பாகிப்போனது.

அது அம்மாவின் பிறந்த வீட்டு வயல்காட்டுக் கிணறு. நான் பிறப்பதற்கு முன்பே, அம்மாவின் தங்கை மல்லிகா சித்தி துணி துவைக்கப் போய் அதில் வழுக்கி விழுந்து இறந்துபோயிருந்தாள். எங்கள் பக்கம் கிணற்றில் ஓர் உயிர் போய்விட்டால், சேறு தெரியும்வரை தண்ணீரை இறைத்து, சூடம் கொளுத்திய பிறகுதான் கிணற்றைத் தொடுவார்கள். அதுவரை அந்த உயிர் தண்ணீரிலேயே தங்கியிருக்கும் என்பதால், ஒரு சொம்புத் தண்ணீர்கூட வீட்டுக்குள் வரக்கூடாது. இரண்டு ஆயில் இன்ஜின் வைத்து மூன்று நாள் இறைத்தும் ஊற்று நிற்கவில்லையாம். தாத்தா அலுத்துப்போய் கிணற்றை அப்படியே விட்டுவிட்டார். சேலத்துக்காரரான அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. அம்மா ஒரு கல்யாணத்துக்குப் பொம்மிடி போயிருந்த நாளில், ஆறு வாளித் தண்ணீரும் சேறும், நாங்கள் "ரிப்பன் பாசி" என்று சொல்லும் நீள இலைப் பாசியும் ஆட்டோவில் வந்து இறங்கின. அம்மா கேட்டால் ஏரித் தண்ணீர் என்று சொல்லச் சொன்னார். அம்மா கேட்டாள், நானும் கூசாமல் சொன்னேன்.

பாசி பிடித்துக்கொண்டது என்றால் அப்படிப் பிடித்துக்கொண்டது. மஞ்சளான இலையைக் கிள்ளுவதும் வற்றியதற்குத் தண்ணீர் சேர்ப்பதும் தவிர அப்பாவுக்கு வேலையே இல்லை. மதிய வெயிலில் இலை நுனிகளிலிருந்து காற்றுக் குமிழிகள் ஏறுவதைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. செடி வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும் என்று அப்பாவே பாடம் நடத்தியிருக்கிறார். இந்த இலைகளோ ஜன்னலை விட்டுவிட்டு, அம்மா வேலை செய்யும் சமையலறைப் பக்கம் சாய்ந்திருந்தன. தண்ணீர் ஓட்டம்தான் காரணம் என்று சொல்லிக் காற்று மோட்டாரை இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தார். இலைகள் இம்மிகூடத் திரும்பவில்லை. அதன்பிறகு அந்த ஹாலில் தனியாக உட்கார எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் விளையாடிவிட்டு வந்தபோது, அம்மா முழங்கைவரை கையைத் தொட்டிக்குள் விட்டு, நீள இலைகளை மூன்று மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தண்ணி பாப்பா இது?"

"ஏரித் தண்ணிம்மா."

அவள் திட்டவில்லை. "எங்க கெணத்துத் தண்ணி எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நான்தான் தொவைக்கப் போயிருக்கணும். தலவலின்னு படுத்துக்கிட்டு அவள அனுப்பிட்டேன்."

அன்றிலிருந்து சோறு தண்ணீர் எல்லாம் தொட்டியருகில்தான். கூப்பிட்டால் மூன்றாம் முறைதான் திரும்பினாள். என் அம்மா எனக்கு இல்லாமல் போய்விடுவாள் என்று நான் மெய்யாகவே நம்பினேன். அப்பாவும் பயந்துபோய், எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கிணற்றிலேயே கொட்டிவிடுவதாகச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. கிணற்றைத்தான் இறைக்க முடியவில்லை, இதைத் தானே இறைத்துத் தங்கையை அனுப்பிவைப்பதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை, மீன்களைக் குடத்துக்கு மாற்றிவிட்டுச் சூடத்தை எடுத்துவைத்தோம். அம்மா சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றினாள். நான் தூக்கிப்போய்த் தென்னைக்கு ஊற்றினேன். ஆறு வாளியில் நிரம்பிய தொட்டி அது. ஏழாவது வாளி போனது, எட்டாவது போனது. ஒன்பதாவதை ஊற்றிவிட்டு வந்தபோதும் சேற்றுக்கு மேல் நாலு விரல் தண்ணீர் நின்றது. அப்பா சுவரோடு ஒட்டி நின்றார். பத்தாவது வாளிக்குப் பாதி மொண்ட அம்மா, சட்டென்று சொம்பைக் கவிழ்த்து வைத்து, "போதும்" என்றாள். சூடம் கொளுத்தவில்லை. போர் தண்ணீரை ஊற்றி நிரப்பினாள். அந்தத் தண்ணீரிலும் பாசி சாகவில்லை. அம்மாவும் அன்று மதியம் எழுந்துபோய் உலை வைத்தாள்.

இன்று அப்பா இல்லை. ஓசூருக்கு வீடு மாறியபோது தொட்டிக் கண்ணாடி உடைந்து, பாசி வழியிலேயே காய்ந்துபோனது. சாலையை அகலப்படுத்தியபோது கிணற்றையும் மண் போட்டு மூடிவிட்டார்கள். வற்றாத தொட்டியின் கதையைச் சொல்லி எத்தனையோ பேரை நான் பயமுறுத்தியிருக்கிறேன். போன மாதம் என் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள்:

"வத்தாம எங்க போச்சு? பத்தாவது வாளிக்கு மொண்டப்பவே மூலையில சேறு தெரிஞ்சிடுச்சு பாப்பா. இன்னும் ரெண்டு சொம்பு எறைச்சிருந்தா அவ போயிருப்பா. எனக்குத்தான் கை வரல."