எம்.டி. பெயரில் ஒரு பக்கம்

இன்னொருவர் பெயரில் எழுதுவது பெரிய வேலை இல்லை. அந்த இன்னொருவரைப் பத்து நிமிடம் பேச வைப்பதுதான் வேலை. மேலதிகாரியின் ஆண்டுவிழா உரையை எழுதிக் கொடுத்துவிட்டு, மேடைக்குக் கீழே நின்று அதற்கே கைதட்டிய அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பல வருடம் ஒரு வார இதழில் சிறுவர் பக்கம் பார்த்துவிட்டு, தி.நகரில் ஒரு மசாலாப் பொடி கம்பெனியில் சேர்ந்தேன். ஊழியர்களுக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு மாத இதழ் நடத்தினார்கள். முதல் பக்கம் எம்.டி. எழுத வேண்டியது. அதாவது, நான் எழுத வேண்டியது.

அணில்

முதல் மாதம் எம்.டி.யைப் பார்க்கவே முடியவில்லை. பழக்க தோஷத்தில் நானே ஓர் அணிலை வைத்துத் தொடங்கி, சுத்தத்தைப் பற்றி எழுதி, கடைசியில் ஒரு நீதியும் சேர்த்தேன். இரண்டு டெலிபோன் அழைப்புகளுக்கு நடுவே அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இதழ்க் கட்டை மயிலாப்பூரில் இருந்த பேக்கிங் பிரிவுக்கு நானே எடுத்துப் போனேன். அங்கே எட்டு வருடமாக மிளகாய்ப் பொடி அடைத்து வந்தவர் நொச்சிக்குப்பம் கஸ்தூரி. சாப்பாட்டு நேரத்தில் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதழைப் படித்துக் காட்டுவதும் அவர்தான். அன்று எம்.டி. பக்கத்தைப் படித்து முடித்து, நான்காக மடித்து வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் என்னைக் கேட்டார்:

"இத்த நீதானே சார் எழுதுன? அவரு வந்தா ‘சீல் சரியா கீதா’ன்னு கேப்பாரு, போய்க்கினே இருப்பாரு. அவரு எங்க அணிலப் பாத்தாரு?"

நாற்பது நிமிடம்

இனி அவர் சொன்னதை மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்தேன். அதற்கு அவர் ஏதாவது சொல்ல வேண்டும். அவருடைய டைரி, செக்ரட்டரி மைதிலியிடம் இருந்தது. தினமும் போய் அந்த மேஜை முன் நிற்பேன். மைதிலி பென்சிலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். ஒரு செவ்வாய்க்கிழமை பென்சில் நின்றது. மாலை, அபிராமபுரம், முழுதாக நாற்பது நிமிடம்.

நோட்டுப் புத்தகத்தோடு போனேன். அது பல் டாக்டர் வீடு. எம்.டி. சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தார். பேசக் கூடாது என்று டாக்டர் எங்கள் இருவரையும் எச்சரித்தார். கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சில குறிப்புகளோடு திரும்பி வந்து மறுநாள் முறையிட்டேன். மைதிலி டைரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவர் சும்மா உக்காந்துண்டிருக்கற ஒரே எடம் அதுதான் சார். வாயையும் தொறந்துண்டுதானே இருந்தார், அப்புறம் என்ன?"

முன் சீட்

கடைசியில் கார்தான் கைகொடுத்தது. காலையில் எம்.டி.யின் அடையாறு வீட்டிலிருந்து தி.நகர் வரை, டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் டேப் ரிக்கார்டரோடு பின்னால் திரும்பி உட்கார்ந்து வருவேன். கார் ஓடும்போது எம்.டி. ஃபைல் பார்ப்பார். நெரிசலில் நின்றால் பேசுவார். முதல் மெஷினில் மல்லி அரைத்த அன்று தெருவே தும்மியதைச் சொன்னார். சரியாக ஒட்டாத ஒரு பாக்கெட், வாங்கியவர் பையில் கொட்டியதைச் சொன்னார். ஒரு சொல்லும் கூட்டாமல், "நான் சொல்றது புரியுதா?" என்று அவர் கேட்பதையும் விடாமல் எழுதினேன். கஸ்தூரி அதை எம்.டி. குரலிலேயே படித்துக் காட்டினார். பேக்கிங் பிரிவு சிரித்து முடித்த பிறகு சொன்னார்:

"இது அவரேதான். திட்டாத மாதிரியே திட்றாரு பாரு."

வேன்

அந்தச் சமயத்தில் பேக்கிங் பிரிவு வேளச்சேரிக்கு மாறப் போவதாகச் செய்தி வந்தது. அப்போது வேளச்சேரி என்றால் ஏரியும் காலி மனைகளும்தான். இரண்டு பஸ் மாறிப் போனாலும் ஏழு மணி ஷிப்டைப் பிடிக்க முடியாது. தொடர்ந்து தாமதமாக வந்தால் வேலை போய்விடும். கஸ்தூரியின் கணவர் கடலுக்குப் போகிறவர். மாதம் தவறாமல் வீட்டுக்கு வரும் சம்பளம் கஸ்தூரியுடையது ஒன்றுதான். இதற்கு ஒரு வழி சொல்லும்படி எம்.டி.யிடம் கேட்கச் சொன்னார்.

மறுநாள் அடையாறு பாலத்தில் கார் நின்றபோது கேட்டேன். முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடியே, வேன் விட்டால் போயிற்று, வேலைக்கு வருகிறவர்களை வழியில் நிறுத்திவிட்டுப் பொடி விற்க முடியுமா என்றார். அப்படியே எழுதினேன். அவரும் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்திட்டார்.

இதழ் வந்த அன்றே, வேன் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு என்று பேக்கிங் பிரிவே மானேஜரைச் சூழ்ந்துகொண்டது. மானேஜர் எம்.டி.க்கு போன் செய்தார். எம்.டி. என்னைக் கூப்பிட்டார். தன் பக்கத்தை அவர் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ‘இதை நான் சொன்னேனா?’ என்று கேட்டார். நானே சேர்த்தது என்று சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதி, வேனும் வந்திருக்காது. ஆனால் சிறுவர் பக்கத்தில், பரிசு பேனா என்று அச்சடித்தால் பேனாவை அனுப்பியே தீரவேண்டும்; இல்லையென்றால் போஸ்ட் கார்டு வருவது நிற்காது. கேசட்டைப் போட்டேன். லாரி ஹாரன், பிறகு அவர் குரல். ஒருமுறை டேப்பைப் பின்னால் சுற்றி மறுபடியும் கேட்டார். ஒன்றாம் தேதியிலிருந்து வேனுக்கு ஏற்பாடு செய்யும்படி மைதிலியிடம் இன்டர்காமில் சொன்னார். பிறகு என்னிடம்:

"சொன்னது நான்தான். ஆனா நான் சொன்னதை அப்படியே எழுதுவீங்கன்னு யார் எதிர்பார்த்தா?"

அடுத்த மாதத்திலிருந்து எம்.டி. தன் பக்கத்தை அச்சுக்குப் போகுமுன் இரண்டு முறை படித்தார்; அதற்கு மட்டும் அவருக்கு எப்படியோ நேரம் கிடைத்தது.