கோயிலுக்குப் போன நாற்பது நாள்

எங்கள் வீட்டுக்காரர் நூறு வயது வரை இருப்பதென்று முடிவு செய்துவிட்டார். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அதே யோசனைதான். காலையில் ஊறவைத்த வெந்தயம், மதியம் களி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாயில் ஒன்றும் போடமாட்டார்.

"நெஞ்சுக்கு இத்தனை துடிப்புன்னு கணக்கு இருக்குது அம்மணி. குதிச்சுக் குதிச்சு அத வீணாக்கிரக் கூடாது" என்பார்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எதிர்த்துப் பேசமாட்டேன். நாலு பேர் பார்த்தாலே முந்தானையைத் தேடுகிற ஆள். அப்படிப்பட்ட நான் வள்ளிக் கும்மி ஆடப் பேர் கொடுத்தேன் என்பதை இன்றைக்கும் என்னாலேயே நம்ப முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரிதான் காரணம். என்னைவிட இரண்டு வயது இளையவள்.

"ஏனுங்க்கா, ஊட்டுல உக்கோந்து செவுத்தப் பாத்துட்டு இருக்கறதுக்கு மாரியம்மன் கோயில் மைதானத்துக்கு வாங்க. கும்மி சொல்லிக் குடுக்கறாங்க."

"கோயிலுக்குப் போயிட்டு வாரேனுங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்யில்லை, மைதானத்துக்கு எதிரில்தானே கோயில்.

வாத்தியார் பாட, நாங்கள் கை கொட்டிக் குனிந்து சுற்றுவோம். கோபுரமும் புளியமரமும் சேர்ந்து சுற்றும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். நானும் மில்லில் முப்பது வருசம் வேலை பார்த்தவள்தான்; அங்கே நூல் நூற்கும் கதிர்தான் சுற்றியது, நான் நின்றுகொண்டிருந்தேன். இப்போது என் முறை.

நாற்பதாம் நாள் அரங்கேற்றம். ஊரே பார்க்கும் என்பதைவிட இவருக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் பயம். 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

பச்சைச் சேலை கட்டி, சலங்கை போட்டு, வரிசையில் நின்றேன். இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவதில் நிமிர்ந்தேன். முன்வரிசை நாற்காலியில் இவர்! மடியில் என் மாத்திரை டப்பா.

எல்லோரும் வலது பக்கம் திரும்ப, நான் மட்டும் இடது பக்கம் திரும்பிப் பக்கத்து வீட்டுக்காரியை முட்டினேன். பின்னால் வந்தவர்கள் எங்கள் மேல் வந்து விழுந்தார்கள். அப்படியே கோயிலுக்குள் ஓடிவிடலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்துவிட்டேன்.

"அம்மணி! சோத்தாங்கைப் பக்கம் திரும்பு! நிக்காத, ஆடு!"

இவர் எழுந்து நின்று கத்துகிறார்! கூட்டமே சிரித்தது. நானும் வாயைப் பொத்தாமல் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கடைசிப் பாட்டு வரை ஆடினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன்: "உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"கோயிலுக்குப் போனவ நெத்தில துண்ணூறு இல்லாம, மொழங்காலப் புடிச்சுட்டு வந்தா தெரியாதாக்கு? தெனமும் புளியமரத்துக்குப் பின்னால நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். அந்த எடத்துல நீ ஒரு நாளும் ஒழுங்காத் திரும்புனதே இல்ல."

"குதிச்சா என்ற நெஞ்சுத் துடிப்பு வீணாயிருமேங்க?"

"உன்றது எங்க வீணாச்சு? இன்னைக்காச்சும் சரியாத் திரும்புவாளான்னு பாத்துப் பாத்து என்றதுதான் பாதி போச்சு."

வழியில் மிளகாய் பஜ்ஜிக் கடையில் நின்றார். மணி ஏழரை. இரண்டு தின்றார், மூன்றாவதை எனக்குப் பாதி கொடுத்தார்.

சலங்கையைக் கழற்ற மறந்து வந்திருக்கிறேன். நடக்க நடக்கச் சத்தம். வீட்டு வாசல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் இன்னும் கொஞ்சம் ஓங்கி மிதித்தேன்.