எண்பத்திரண்டு தலையும் ஒரு காலும்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே 'அசையாதே அண்ணன்'தான். முடிவெட்ட வந்தவர் நீதிபதியானாலும் சரி, கைக்குழந்தையானாலும் சரி, கழுத்தில் துணியைக் கட்டியதும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "அசையாதீங்க." முப்பது வருஷமாக ஊரையே அசையவிடாமல் உட்காரவைத்த மனுஷனைப் பார்த்து ஒரு நாள் டாக்டர் சொன்னார், "ஆறு வாரம் அசையாதீங்க." தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான் போலிருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். கடைக் கண்ணாடியின் மேல்விளிம்பைத் துடைக்க முக்காலியில் ஏறினார். முக்காலி சரிந்தது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு என்றால் கடைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைகள்தான். ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கும்.

தங்கை புருஷன் பார்க்க வந்தார். "ஆறு வாரம்தானே மச்சான். கடையைச் சாத்திட்டு நிம்மதியா படுங்க. வாடிக்கை எங்க ஓடிடப் போகுது?"

அண்ணனுக்குச் சுருக்கென்று வந்தது. "ஆறு வாரம் எலும்போட கணக்கு மாப்ளே. முடிக்கு நாலு வாரக் கணக்கு. நான் படுத்துட்டேன்னு எவன் தலையிலயும் முடி படுத்துக்காது."

விஷயம் அதுதான். அவர் கைக்கென்று எண்பத்திரண்டு தலைகள் இருந்தன. எந்தத் தலையில் எங்கே தழும்பு, எந்தக் காது சற்றே இறக்கம், எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆறு வாரம் கடை மூடினால் அத்தனை தலையும் ஒரு தடவையாவது இன்னொரு கத்தரிக்குக் குனிந்தே ஆகவேண்டும். தெருமுனையில் கண்ணாடிக் கதவும் குளிர்காற்றுமாகப் புதுக் கடை ஒன்று வேறு திறந்திருந்தது. அங்கே ஒரு தடவை குனிந்த தலை இங்கே திரும்புமா? முறிந்த காலைவிட இந்த நினைப்புதான் அவரைப் போட்டு வாட்டியது.

ஒன்பதாம் நாள் ஜன்னல் வழியாகத் தபால் ஆபீஸ் குமாஸ்தா போவதைப் பார்த்தார். நல்ல வெயிலில்லை, மழையும் இல்லை, குமாஸ்தா மட்டும் தலைக்கு மேலே பேப்பரைப் பிடித்துக்கொண்டு அவசரமாக நடந்தார். காற்று பேப்பரைத் தூக்கியது. ரெட்டைச் சுழித் தலை அது. ஒற்றைச் சுழி என்று நினைத்து எவனோ வெட்டியிருக்கிறான். பின்னால் ஒரு கொத்து முடி வானத்தைப் பார்த்து நின்றது.

"எண்பத்தொண்ணு," என்றார் அண்ணன்.

"என்னது எண்பத்தொண்ணு?" என்றாள் மனைவி.

"ஒரு தலை போச்சு. நாளைக்குக் கடையைத் திறக்கறேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் வேற எங்கயோதான் முடி வெட்டிக்கறாரு. அவருக்கு என்ன கவலை?"

அவள் திட்டித் தீர்த்தாள். எருமை மேல் மழை பெய்த மாதிரிதான்.

மறுநாள் ஊன்றுகோலோடு கடைக்குள் போய் நின்றார். அப்போதுதான் உறைத்தது. கத்தரிக்கு ஒரு கை, சீப்புக்கு ஒரு கை, ஊன்றுகோலுக்கு மூன்றாவது கையை எங்கே போய் வாங்குவது? சக்கரம் வைத்த பழைய ஆபீஸ் நாற்காலி ஒன்று மூலையில் கிடந்தது. அதில் உட்கார்ந்து இடது காலால் உந்தி உந்தி, முதல் ஆளாக வந்த கணக்கு வாத்தியாரைச் சுற்றி வந்தார். வாத்தியார் உயரமான இரும்பு நாற்காலியில், இவர் கீழே. முப்பது வருஷமாகத் தலைகளை மேலிருந்தே பார்த்துப் பழகிய கண். கீழிருந்து பார்த்ததும் அளவு தப்பிவிட்டது. காதுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வழித்துவிட்டு, உச்சியைத் தொடவே இல்லை.

வாத்தியார் கண்ணாடியைப் பார்த்தார். "அண்ணே, என் மண்டைக்கு மூடி போட்டிருக்கீங்களா?"

பெஞ்சில் காத்திருந்த தச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணனுக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. இன்னொருவராக இருந்தால் கத்தரியைக் கீழே வைத்திருப்பார். இவர் தச்சரைப் பார்த்துக் கேட்டார், "ரம்பம் கொண்டு வந்திருக்கியா?"

நான் மேலே போக முடியாவிட்டால் தலை கீழே வரட்டும் என்பது அவர் யோசனை. இரும்பு நாற்காலியை அறுக்க முடியாது. வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு மர நாற்காலிகள் நாலு இருந்தன. விஷயம் உள்ளே போனதும் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"உங்க காலை ஒடைச்சிக்கிட்டது போதாதா? என் நாற்காலி காலையும் ஒடைக்கணுமா?"

"அதை அறுக்காட்டி மத்த மூணு நாற்காலியில உக்காந்து என்னத்தைச் சாப்பிடறது?" என்றார் அவர். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

அவளே உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தச்சர் முன்னால் வைத்தாள். "நாலு காலையும் சமமா அறுங்க. கோணக் கால் இந்த வீட்டுல ஒண்ணு போதும்."

முழங்கால் மோவாயில் இடிக்கிற உயரத்துக்கு நாற்காலி இறங்கியது. வாத்தியார் மறுபடி உட்கார்ந்தார், மூடி இறங்கியது, மண்டை மனுஷ மண்டையாயிற்று. கண்ணாடியையும் மனைவியே கழற்றி, இரண்டு முழம் கீழே ஆணியடித்து மாட்டினாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை அண்ணன் சும்மா விடவில்லை, "வந்ததுதான் வந்தீங்க, உக்காருங்க" என்று துணியைக் கட்டிவிட்டார். கனத்த உடம்புக்காரரான பேங்க் வாட்ச்மேன் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் தவித்தபோது இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். "முனைக்கடையில குளிர்காத்து இலவசம். நம்ம கடையில உடற்பயிற்சி இலவசம்," என்றார் அண்ணன். வாட்ச்மேன் முனகிக்கொண்டே அடுத்த வாரம் தம்பியையும் அழைத்து வந்தார்.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எலும்பு கொஞ்சம் விலகி ஒட்டியிருக்கு. நடந்தா லேசா சாயும். அசைஞ்சீங்களா?"

"அசைஞ்சேன்," என்றார் அண்ணன்.

வீடு வரும் வழியெல்லாம் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவருக்கும் வலிக்காமல் இல்லை. இனி சாகிறவரைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் "தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

கடைக்குள் நுழைந்தால், குட்டை நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தபால் ஆபீஸ் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். தலை காடாக வளர்ந்திருந்தது.

"எத்தனை தடவை அங்க போனீங்க சார்?"

"ஒரே ஒரு தடவைண்ணே."

"தெரியும். பின்னாடி இன்னும் நிக்குது."

பின்னால் போய் நின்றார். நாற்காலி இத்தனை பள்ளத்தில் இருக்க, நின்றுகொண்டு வெட்ட முடியவில்லை. சக்கர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குமாஸ்தாவின் கழுத்தில் துணியைக் கட்டினார்.

"அசையாதீங்க."

குமாஸ்தா கண்ணாடி வழியாக அந்தக் காலைப் பார்த்தார். "எங்களை மட்டும் அசையாதேங்கறீங்க. நீங்க அசையலாமாண்ணே?"

"நான் அசைஞ்சதாலதான் சார் நீங்க இங்க உக்காந்திருக்கீங்க," என்றார் அண்ணன். "குனிங்க."