காப்பெற் றோட்டில் மாமாவின் ஆட்டம்

காப்பெற் றோட்டின் ஓரமாக மாமா சைக்கிளில் வருவதைப் பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வரும். தோள்கள் இரண்டும் இடமும் வலமும் போகும், தலை ஒரு பக்கம் சாயும், சில்லு மட்டும் நேராக வரும். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, காலை நேரம். இந்தக் கோலத்தில் ஒரு மனிதர் ஆடி ஆடி வந்தால் எங்கள் ஊர் இணுவிலில் அதற்கு இரண்டு விளக்கம் கிடையாது. அவர் என் கணவரின் தகப்பன். வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள்ளும் நாக்கில் வைத்தறியாதவர்.

அவருடைய நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தது. இதயம் சோம்பிப் போய்விட்டதென்று இடது தோளுக்குக் கீழே வைத்துத் தைத்திருந்தார்கள். நடந்தால் துடிப்பைக் கூட்டும், இருந்தால் குறைக்கும், நல்ல மெசின் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்பது மாமாவின் கட்டளை. கோயிலுக்குப் போகும்போது அந்தப் புடைப்பின்மேல் சால்வையைப் போட்டுக்கொள்வார். எனக்கோ எதையும் ஒளித்து வைக்கவும் தெம்பில்லை, வெளியே சொல்லவும் தெம்பில்லை. கணவர் கனடாவில். காலையில் சமையல், பிறகு பஸ் பிடித்து வட்டுக்கோட்டைக்குப் படிப்பிக்கப் போவது, பின்னேரம் மாமாவின் மருந்து, சனி ஞாயிறில் உடுப்புத் தோய்ப்பது. என்னை யார் பார்ப்பது என்று யோசிக்கக்கூட நேரமிருக்கவில்லை.

கொஞ்சக் காலம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு தோட்டத்துக்குப் போகும் கிடங்கும் பள்ளமுமான றோட்டை மட்டமாக்கி, வழுவழுவென்று தார்க் காப்பெற் போட்டார்கள். ஊரே சந்தோசப்பட்டது. மாமா மட்டும் தோட்டத்துக்குப் போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கி, வெங்காயப் பாத்தி வரம்பில் குந்திவிடுவார். கிளினிக்கில், "தோட்டத்துக்குப் போகேக்கை களைக்குது" என்று சொன்னார். அவரை நீளமான விறாந்தையில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். நாடி அழகாக ஏறியது. மெசினில் பிழையில்லை, வயதுதான் என்றார்கள். அடுத்த முறையும் அதே விறாந்தை, அதே பதில். கணவர் ஃபோனில், "அப்பாவாலை இனி ஏலாது. ஆள் பாக்கிறன், தோட்டத்தை வித்துப்போடுவம்" என்றார். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. தோட்டம் போனால் அவரும் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். தோட்டமில்லாத மாமா முழுநாளும் வீட்டில் இருந்தால் அவருக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்பதும் தெரியும்.

பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது ஓட்டோ கிடைக்கவில்லை. கிளினிக்குக்கு இருவரும் சைக்கிளில்தான் போனோம். மாமா உதடு வெளுத்துப்போய் வாங்குப் பலகையில் சாய்ந்துவிட்டார். புதிதாக வந்திருந்த டாக்டர் சின்னப் பெண். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏறாமல் கிடக்கிறதே என்று முகத்தைச் சுருக்கினார்.

"ஐயா, எதிலை வந்தனீங்கள்?"

"சைக்கிளிலை, பிள்ளை."

"தோட்டத்துக்கும் சைக்கிளிலையோ போறனீங்கள்?"

"பின்னை?"

"உதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"போறன் எண்டு சொன்னனான்தானே."

எங்கள் பக்கத்தில் போகிறேன் என்றால் சைக்கிளில் என்றுதான் அர்த்தம். நடந்து போகிறவர்தான் அதைத் தனியாகச் சொல்வார். மாமாவுக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை. டாக்டர் விளங்கப்படுத்தினார். மெசினுக்குக் கண்ணில்லை. நெஞ்சு குலுங்கினால்தான் ஆள் வேலை செய்கிறார் என்று அதற்குத் தெரியும். சைக்கிளில் பாடுபடுவது கால், நெஞ்சு ஆடாமல் அசையாமல் இருக்கிறது. ஐயா கதிரையில் இருக்கிறார் என்று நினைத்து அது துடிப்பைக் கூட்டாமல் விட்டுவிடுகிறது. பழைய றோட்டின் கிடங்குகள்தான் மாமாவைக் குலுக்கிக் குலுக்கி இவ்வளவு காலமும் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன.

மெசின் சின்னக் குலுக்கத்தையும் கண்டுபிடிக்கும்படி டாக்டர் மாற்றிவிட்டார். வெங்காய மூட்டைகளோடு, குலுங்கிக் குலுங்கிப் போகும் லான்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏறிச் சந்தைக்குப் போன மாமா, "சும்மா இருக்க நெஞ்சு ஓடுது, பிள்ளை" என்று பயந்துபோய் வந்தார். மறுபடி போய், கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் வைப்பித்தோம். அப்போது டாக்டர் சிரித்துக்கொண்டே, "மிதிக்கேக்கை தோளைக் கொஞ்சம் ஆட்டி ஆட்டிப் போங்கோ ஐயா, அது நம்பீடும்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, மாமா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மெசினும் நம்பியது. மூச்சு வாங்காமல் தோட்டத்துக்குப் போனார், வந்தார்.

ஊர் கதைக்கத் தொடங்கியது. கடைவாசலில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. எனக்குக் கோபம் தாங்கவில்லை. "எல்லாருக்கும் உண்மையைச் சொல்லப்போறன், மாமா" என்றேன். அவர் கிணற்றடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நெஞ்சு வருத்தக்காரன் எண்டா, தோட்டத்தை வித்துப்போடு எண்டு ஊர் முழுக்கப் புத்தி சொல்லும். குடிகாரன் எண்டா ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம். பேசாமல் விடு, பிள்ளை."

கதை கனடாவுக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்கவில்லை. "என்னப்பா, அப்பா குடிக்கிறாராமே?" என்று கணவர் கேட்டபோது, மாமா முற்றத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னால், ஆடி ஆடிப் போகவேண்டிய தோட்டம் எதற்கு என்பார். வாதாட எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை. "ஓம், கொஞ்சம்" என்றேன். அவர் இன்னொருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு, "வித்தாக் காசு முழுக்க அதிலைதான் போகும். காணி கிடக்கட்டும்" என்றார். அதன்பிறகு தகப்பனோடு அவர் கதைத்ததெல்லாம் ஏச்சுத்தான். மாமா ஃபோனைக் காதில் வைத்து, "ஓம் தம்பி, ஓம்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் சைக்கிளை எடுப்பார்.

போன மாதம் ஒரு காய்ச்சல் நெஞ்சில் இறங்கி மாமா போய்விட்டார். அதற்கு முதல் கிழமைவரை வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறியவர். மெசினை ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிட்டுத்தான் உடலைத் தந்தார்கள், அதனால் ஊருக்குக் கடைசிவரை தெரியவில்லை. கணவர் வந்து கொள்ளி வைத்தார். எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவு அன்று, மாமா விரும்பிச் சாப்பிட்டவற்றையெல்லாம் வாழையிலையில் படைத்தேன். பாற்சோறு, பனங்காய்ப் பணியாரம், முருங்கையிலை வறை. கணவர் அறைக்குள் போய், விமானநிலையத்தில் வாங்கிய விஸ்கிப் போத்தலைக் கொண்டுவந்து இலையருகில் வைத்தார். "ஏசினது மட்டும்தான். உயிரோடை இருக்கேக்கை ஒருநாள்கூட நல்லதாய் ஒண்டு வாங்கிக் குடுக்கேல்லை" என்று குழந்தைபோல அழுதார்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த அழுகையைப் பார்த்தபின் முடியவில்லை.

"பிள்ளை, திறந்துதான் படைக்கவேணும்" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர். நான் குந்தியிருந்து மூடியைத் திருகினேன்.