பாலத்தில் கேட்ட சத்தம்

அண்ணன் இறந்த பிறகு அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை நான்தான் ஓட்டுகிறேன். கல்லடிப் பாலத்தில் அது ஏறும் சத்தம் வாவியைத் தாண்டி அண்ணன் வீடுவரை கேட்கும். அவர் இருந்தபோது செய்ததைப் போலவே, அதைக் கேட்டதும் அண்ணன் மனைவியான மச்சாள் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்துவிடுவார்.

எனக்கோ காரின் இழுவை போதவில்லை. எஞ்சினைப் பிரித்து, பெரிய பிஸ்டன்களும் வேறு கேம் ஷாஃப்டும் போடுவித்தேன். கார் பறந்தது. பெருமையோடு வந்து இறங்கினேன். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

"ஆர்ர காரோ எண்டு இருந்திட்டன் தம்பி. அவர் வாற சத்தம் இல்லையே," என்றார் மச்சாள்.

உடனே கராஜுக்குத் திரும்பி, பழையதையே மறுபடி பூட்டச் சொன்னேன். "பழைய சாமானெல்லாம் இரும்புக்காரனுக்குக் குடுத்தாச்சே," என்றார் மெக்கானிக்.

இப்போது எதைக் கழற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கி வைக்கிறேன். பாலத்துக்கு முன்பே காரை நிறுத்தி, "மச்சாள், நான்தான் வாறன்" என்று போனில் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன்.